சிக்லாப் கொண்டோவின் மேனேஜிங் ஏஜென்ட்: ஐந்துக்கு மூன்றரை

சிங்கப்பூரில் சிக்லாப் பக்கம் பத்து மாடி, அறுபது வீடு, இரண்டு லிஃப்ட், நாலு பேர் இறங்கினால் நிரம்பிவிடும் ஒரு நீச்சல்குளம். 1990களின் நடுவில் கட்டிய கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி. நான் மதிப்பெண் போடப்போவது கட்டடத்துக்கு இல்லை, அதைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜிங் ஏஜென்ட் நிறுவனத்துக்கு. பெயரைச் சொல்லமாட்டேன், ஏனென்றால் குறையும் எழுதப்போகிறேன். எங்கள் பேட்டைக்காரர்களுக்குப் பெயர் தெரியும். மற்றவர்களுக்குப் பெயரைவிட, எதைப் பார்த்து மதிப்பெண் போட்டேன் என்பதுதான் உதவும்.

இதே மாதிரி கொண்டோ அலுவலகங்களில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவள் நான். அதனால் மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்று பார்ப்பதற்கு முன்பே ஆண்டுக் கணக்கின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அங்கேதான் சிங்கிங் ஃபண்ட் இருக்கும்.

புதிதாக கொண்டோ வாங்கியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் இரண்டு பைக்குள் போகிறது. ஒன்று அன்றாடச் செலவுக்கு: துப்புரவு, செக்யூரிட்டி, பொது விளக்கு, குளத்து மருந்து. இன்னொன்று சிங்கிங் ஃபண்ட்: பெயிண்ட், கூரை வாட்டர்புரூஃபிங், பம்ப் மாற்றுவது, லிஃப்ட் மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்கு. மகள் கல்யாணத்துக்குச் சீட்டுப் போடுகிற மாதிரி, இன்றைக்குத் தேவைப்படாத பணம் அது. 2004இல் வந்த கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் இரண்டு நிதியும் இருக்கவேண்டும் என்கிறது. சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு போடுவது என்பதை உரிமையாளர்கள் பொதுக்கூட்டத்தில் கையைத் தூக்கி முடிவு செய்கிறோம். கோளாறு முழுக்க அந்தக் கையில்தான் இருக்கிறது.

முன்பு இருந்த ஏஜென்ட்டைப் பற்றிச் சொல்லாமல் இவர்களுக்கு மதிப்பெண் போட முடியாது. வந்த கோட்டேஷன்களிலேயே குறைவு என்று அவர்களை எடுத்தோம். மாதம் சில நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்: "நோட்டட், வில் செக்." எல்லாருக்கும் பிடித்துப்போனது. விளக்கு எரியவில்லை என்றால் அன்றைக்கே பல்பு மாறும். லிஃப்ட் நின்றால் ஒரு மணி நேரத்தில் ஆள் வருவார். ஆனால் அந்த லிஃப்ட் ஏன் அடிக்கடி நிற்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. கூரைக்கு யாரும் ஏறிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒப்பந்தம் முடிந்து கோப்புகளை ஒப்படைத்தபோது, பம்ப் பராமரிப்புப் பதிவு பாதி வருடம் காலியாக இருந்தது. புகார் சொன்னால் ஓடி வருகிறார்கள் என்பதற்காக ஒரு ஏஜென்ட்டைப் புகழ்வதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். நாம் புகார் சொல்லும் நிலைக்கு வந்ததே அவர்கள் பார்க்காமல் விட்டதால்தான் என்றால், ஓடி வந்ததில் என்ன பெருமை?

இப்போதைய நிறுவனம் வந்ததும் முதலில் செய்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மேனேஜராக வந்தவர் ஜொகூர்க்காரத் தமிழ்த் தம்பி. முதல் வாரமே பம்ப் ரூம், தண்ணீர்த் தொட்டி, கூரை, குப்பை அறை, மின் அறை என்று ஒவ்வொன்றாகப் போய்ப் படம் எடுத்தார். குப்பை அறையிலிருந்து வெளியே வந்தபோது நான் கீழே நின்றிருந்தேன்.

"என்ன தம்பி, எலி இருக்கா?"

"எலி இல்லக்கா. ஆனா சுவர்ல தண்ணி இறங்குது, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை. குப்பை அறைக்குள் நின்று சுவரைப் பார்க்கிறவர் யார்?

அவர் தந்த அறிக்கை நாற்பது பக்கத்துக்கு மேல். அதில் உருப்படியானது ஒரே ஓர் அட்டவணைதான்: எந்தப் பொருள், எந்த வருடம் போட்டது, இன்னும் எத்தனை வருடம் தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும். அடுத்த பத்து வருடத்துக்கு வருடவாரியாகப் போட்டிருந்தார். நான் வேலை பார்த்த அலுவலகங்களில் இதைப் போடச் சொல்லி மேலதிகாரிகள் கெஞ்சிய காலம் உண்டு. இங்கே கேட்காமலே வந்தது. என் மூன்றரையில் ஒரு மதிப்பெண் முழுதாக இந்த அட்டவணைக்கு.

எங்களுக்கு இன்னொரு சங்கடம், கடற்காற்று. ஈஸ்ட் கோஸ்ட் பார்க் நடக்கும் தூரம். வாடகை விளம்பரத்தில் அது அழகாக இருக்கும். அதே காற்றுதான் உப்பைக் கொண்டுவந்து பால்கனிக் கம்பியையும் ஏர்கான் கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தாங்கியையும் தின்கிறது. வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே துரு ஏறிக் கம்பி உப்பும்போது காங்கிரீட் விரிசல் விட்டுச் செதில் செதிலாக விழும். பத்தாவது மாடியிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு விழுந்தாலும் கீழே நடப்பவர் கதி என்ன?

அரசாங்கம் இதை யோசித்துத்தான் வெளிச்சுவர் ஆய்வைக் கட்டாயமாக்கியது. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இருபது வயதைத் தாண்டி, 13 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களுக்கு ஏழு வருடத்துக்கு ஒரு முறை. தரைவீடுகளுக்கு இல்லை. தகுதிபெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் கட்டடத்தைச் சுற்றிலும் முழுதாகப் பார்க்கவேண்டும், அப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது பத்தில் ஒரு பங்கைக் கிட்டத்தில் போய்ப் பரிசோதிக்கவேண்டும். கட்டடத்தின் உறுதியைப் பார்க்கும் ஆய்வு வேறு. குடியிருப்புக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை, மற்றக் கட்டடங்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு "போன தடவைதானே பார்த்தாங்க, மறுபடியும் எதுக்குக் காசு?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சண்டைக்கு வந்தார். மேனேஜர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைக்கு நான் தனியாக மதிப்பெண் போடவில்லை, அது சம்பளத்தில் சேர்த்தி.

பொதுக்கூட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பங்கு மதிப்பில், அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்குகளில், 30 விழுக்காடு வந்தால்தான் கூட்டம் தொடங்கலாம். எங்கள் கொண்டோவில் அது வராது. அரை மணி நேரம் உட்கார்ந்து கறிபஃப் சாப்பிட்டால், வந்திருப்பவர்களே போதும் என்று சட்டம் சொல்லிவிடும். அப்படி ஒரு பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அறுபது வீட்டுப் பணத்தை முடிவு செய்கிறோம். வராதவர்களில் பெரும்பாலானோர் வீட்டை வாடகைக்கு விட்டவர்கள். கட்டணம் ஏறியது என்று நோட்டீஸ் போனால் மட்டும் மின்னஞ்சலில் பொங்குவார்கள்.

இந்தப் பத்து வருடத் திட்டத்துக்குப் பெரிய எதிரி யார் தெரியுமா? என்-பிளாக் ஆசை. பழைய கொண்டோ எல்லாவற்றிலும் இந்த நோய் உண்டு. பத்து வருடத்தைத் தாண்டிய கட்டடத்தில் பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டால் மொத்தமாக விற்றுவிடலாம். 2024 ஜூனில் சிக்லாப் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்ததிலிருந்து எங்கள் ஆட்களுக்குத் தூக்கத்திலும் டெவலப்பர் வருகிறார். "இடிக்கப்போற கட்டடத்துக்கு எதுக்கு பெயிண்ட்?" என்று கேட்பவர்களிடம் என்ன பேசுவது? நானும் விற்பனை வரக்கூடாது என்று சாமி கும்பிடவில்லை. ஆனால் பேச்சுத் தொடங்கி, கமிட்டி போட்டு, கையெழுத்து வாங்கி, விலைக்கு ஆள் கிடைத்து, ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் போர்டு என்ற அடுக்குமாடி வாரியத்தில் அனுமதி பெற்றுக் கையில் காசு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். பல கட்டடங்களில் கையெழுத்தோடு நின்றுபோகிறது. அந்த வருடங்களில் கூரை ஒழுகாமலா இருக்கும்? இடையில் சிங்கிங் ஃபண்டுக்குக் கொடுப்பதைக் குறைத்துவிட்டு, பம்ப் போனதும் ஸ்பெஷல் லெவி என்று ஒரே தடவையில் ஆளுக்குப் பல ஆயிரம் கேட்டு நின்ற கொண்டோக்களுக்கு நானே கணக்கு எழுதியிருக்கிறேன்.

இந்த விஷயத்தில் எங்கள் ஏஜென்ட் நடந்துகொண்டது கெட்டிக்காரத்தனம். கட்டணத்தை ஏற்றுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. ஏற்றினால் ஒவ்வொரு வருடமும் நிதி எவ்வளவு இருக்கும், ஏற்றாவிட்டால் எந்த வருடம் காலியாகும் என்று இரண்டு கோடு வரைந்து திரையில் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தீர்மானம் நிறைவேறியது. இப்போது என் வீட்டுக்கு மாதம் 370 வெள்ளி சொச்சம்.

"வீவக வீட்டில் எழுபது எண்பது வெள்ளிதானே" என்பார்கள். வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசாங்க அடுக்குமாடி. நானும் பிடோக்கில் அப்படி ஒரு நாலறை வீட்டில் இருந்தவள்தான். அங்கே காவலரும் இல்லை, குளமும் இல்லை. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே நகர மன்றம், கூடவே அரசாங்க மானியம். அதோடு இன்னொன்றைக் கவனியுங்கள். 2017 ஏப்ரலிலிருந்து நகர மன்றங்கள் லிஃப்ட் மாற்றுவதற்கென்றே தனி நிதி வைத்தாகவேண்டும், அதற்குக் குறைந்தபட்ச விகிதமும் உண்டு. கொண்டோவில் அந்தக் கட்டாயம் இல்லை. நமக்கு நாமேதான் கட்டாயம். தவிர, காவலர்களுக்கும் துப்புரவாளர்களுக்கும் படிப்படியான சம்பள உயர்வு முறை வந்துவிட்டது. 2024இல் சாதாரணக் காவலரின் குறைந்தபட்ச மொத்த மாதச் சம்பளம் 2,650 வெள்ளி. வரவேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. இரவு முழுக்க விழித்திருக்கும் எங்கள் ராத்திரி கார்ட் அண்ணனுக்கு அதற்கு மேலும் கொடுக்கலாம். அதே வருடம் ஜிஎஸ்டி ஒன்பது விழுக்காடானது. செலவு ஏறியது ஏஜென்ட்டின் சதி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி ஒழுகல். என் குளியலறை மேற்கூரையில் மஞ்சள் வட்டம் ஒன்று தோன்றி, மெதுவாகப் பெரிதாகி, ஒரு நாள் சொட்டத் தொடங்கியது. மேல்வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டிருக்கிறார். இருப்பது சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி, நல்ல பிள்ளைகள். "ஆன்ட்டி, நாங்க தண்ணி அதிகமா ஊத்தறதில்லையே" என்று அந்தப் பெண் பயந்துபோய்ச் சொன்னாள். தண்ணீர் ஊற்றுவது அவர்கள் தப்பா? முப்பது வருடத்துக்கு முன் டைலுக்கு அடியில் போட்ட வாட்டர்புரூஃபிங் செத்துவிட்டது.

சட்டப்படி இது இரண்டு வீட்டு உரிமையாளர்களுக்கு இடையிலான விவகாரம். ஏஜென்ட் கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கலாம், முந்தைய நிறுவனம் அப்படித்தான் செய்யும். இந்தத் தம்பி இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் வரவழைத்தார். மேல்வீட்டுக் குளியலறையின் தண்ணீர்ப் போக்கியை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரைக் கட்டி வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் என் மேற்கூரையில் அதே நிறம். மேல்வீட்டு உரிமையாளர் அப்போதும் "பொதுக் குழாயாக இருக்கலாம்" என்று இழுத்தார். அப்போது மேனேஜர் எழுதிய கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மேற்கூரையில் ஈரம் தெரிந்தால் மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கவேண்டியது மேல்வீட்டுக்காரர், தீராவிட்டால் ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் போர்டுக்குப் போகலாம் என்று ஒரே பக்கத்தில். மிரட்டல் தொனி ஒரு சொல்லிலும் இல்லை. பக்கத்து பிளாக் வீவகவில் இருக்கும் என் தங்கைக்கு இதே பிரச்சினை வந்தபோது செலவில் பாதியைக் கழகம் ஏற்றுக்கொண்டது, மீதியை மேலும் கீழும் பிரித்துக்கொண்டார்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

அந்த உரிமையாளர் முதலில் கீழிருந்து பியூ ஊசி போட்டால் போதும் என்றார். விரிசலுக்குள் ரசாயனத்தைச் செலுத்தி அடைக்கும் வேலை. மலிவு, அரை நாளில் முடியும். கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும். மேனேஜர் ஊசிக்கும் டைலை உடைத்துச் செய்வதற்கும் கோட்டேஷன் எடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருட உத்தரவாதம் என்று பக்கத்தில் எழுதிவிட்டார். கடைசியில் டைலை உடைத்துப் புதிதாக வாட்டர்புரூஃபிங் போட்டார்கள். இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. இதற்கு இன்னொரு மதிப்பெண்.

அந்தத் தம்பதியின் பாடு வேறு கதை. வாடகைக்கு விடுபவர்கள் வீட்டைப் பார்க்கும் விதமே தனி. இங்கே புழக்கத்தில் இருக்கும் ஒப்பந்தங்களில் குடிவந்த முதல் மாதம் எது கெட்டாலும் உரிமையாளர் பொறுப்பு. அப்புறம் சின்னப் பழுதுக்கு முதல் இருநூறு வெள்ளி மாதிரி ஒரு தொகை வரை குடியிருப்பவர் போடவேண்டும், ஏர்கானை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்து ரசீது வைக்கவேண்டும். நியாயமான ஏற்பாடுதான். எங்கே இடிக்கிறது என்றால், பதினைந்து வயது ஏர்கானைத் தலையில் கட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் நூற்றெண்பது வெள்ளிப் பழுதாக வரும்போது. எல்லாம் அந்த இருநூறுக்குள்! எம்ஆர்டி திறந்ததும் மேல்வீட்டு உரிமையாளர் வாடகையை ஏற்றினார், ஏர்கானை மாற்றவில்லை. ரசீதுகளையும் வாட்ஸ்அப் பேச்சையும் எடுத்து வையுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தம் என்றால் 20,000 வெள்ளி வரை சிறு வழக்கு மன்றமான ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் கேட்கலாம், வக்கீல் வேண்டாம். அது தெரிந்ததாகக் காட்டிக்கொண்டாலே பல உரிமையாளர்களுக்குப் பேச்சு மாறும்.

இதில் எங்கள் ஏஜென்ட் செய்த ஒரு நல்ல காரியம்: சன்னல் நோட்டீஸை உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் தனித்தனியாக அனுப்பினார்கள். வெளியே திறக்கும் சன்னல்களில் அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் போடவேண்டும் என்பது 2004இலிருந்து சட்டம். பொறுப்பு வீட்டு உரிமையாளருக்கு. வெளிநாட்டில் உட்கார்ந்து வாடகை வாங்குபவருக்குச் சன்னல் ஆடுவது எப்படித் தெரியும்? உள்ளே இருப்பவருக்குத் தெரியும்.

சரி, ஒன்றரை மதிப்பெண் எங்கே போனது?

முதலாவது, அந்தத் தம்பி போய்விட்டார். வேறு பெரிய கொண்டோவில் முழுநேர வேலை. எங்களைப் போன்ற சின்னப் பேட்டைக்கு முழுநேர மேனேஜர் கட்டுப்படியாகாது. ஒருவரே மூன்று நான்கு கட்டடங்களுக்கு ஓடுவார், நமக்குக் கிடைப்பது வாரத்தில் சில அரை நாள்கள். அதுகூடப் பரவாயில்லை. அவருக்குப் பின் வந்தவருக்கு ஒழுகல் கோப்பு எங்கே என்று தெரியவில்லை, பத்து வருட அட்டவணையை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்குப் பின் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் நானே பம்ப் ரூமைச் சுற்றிக் காட்டினேன். அதற்கு எனக்குத்தான் அவர்கள் சம்பளம் கொடுக்கவேண்டும். நல்ல ஆள் இருந்தார் என்பது நிறுவனத்துக்குப் பெருமை இல்லை. அவர் போன பிறகும் வேலை நடந்தால் அது பெருமை.

இரண்டாவது, லிஃப்ட். மாதாமாதப் பராமரிப்பு நடக்கிறது, வருடாந்தர அனுமதிச் சீட்டு லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறது, காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் கதவு இன்னும் மாதத்தில் ஒரு தடவையாவது அடம்பிடிக்கிறது. பராமரிப்பு நிறுவனம் அனுப்பும் அறிக்கையை அப்படியே நமக்குத் தள்ளிவிடுகிறார்கள். எத்தனை தடவை நின்றது, எந்தப் பாகத்தால் நின்றது என்று வருடக் கணக்காக அடுக்கிப் பார்த்தால்தான் பாகத்தை மாற்றினால் போதுமா, லிஃப்டையே மாற்றவேண்டுமா என்று தெரியும். உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவான கவுன்சிலில் கேட்டேன். "அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம்" என்றார்கள். அடுத்த கூட்டமும் போனது. ஒன்பதாவது மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டிக்கு இது நிகழ்ச்சி நிரல் விஷயம் இல்லை.

துப்புரவு சுமார். படிக்கட்டு மூலைகளில் தூசி. குளம் நன்றாக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியை வருடம் ஒரு முறை கழுவி, உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரிடம் சான்று வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள்.

மேனேஜிங் ஏஜென்ட்டை மூன்று வருடத்துக்கு மேல் ஒரே மூச்சில் நியமிக்க முடியாது. இவர்களுக்கு அந்த மூன்று வருடம் முடிகிறது. வரும் பொதுக்கூட்டத்தில் புதுப்பிக்கும் தீர்மானம் வரும்போது ஆதரவாகத்தான் கை தூக்குவேன். ஆனால் இரண்டு நிபந்தனை எழுத்தில் வேண்டும்: மேனேஜர் மாறினால் பழையவரும் புதியவரும் குறைந்தது இரண்டு வாரம் சேர்ந்து வேலை பார்த்துக் கோப்பை ஒப்படைக்கவேண்டும், லிஃப்ட் நின்ற கணக்கு காலாண்டுக்கு ஒரு முறை பலகையில் வரவேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் கைவசம் இருக்கட்டும் என்று, வேறு நிறுவனங்களிடம் இப்போதே கோட்டேஷன் கேட்கச் சொல்லி கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன். இந்தத் தடவை குறைந்த விலையை முதல் பக்கத்தில் போடவேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.